ஓடாத வீடியோவும் உடைந்த வீடியோவும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேற்றம். களரியைச் சுற்றிப் பாய் விரித்துச் சனம் இருந்தது. விடியும்வரை போகிற கூத்து என்பதால் பற்றரியை நம்பாமல் கமராவுக்கு அடப்டரைப் போட்டு, ஜெனரேட்டரில் இருந்து இழுத்த வயரில் கொளுவியிருந்தேன். அதிகாலை மூன்று மணி இருக்கும். இரண்டு மன்னர்களும் நேருக்கு நேர் நின்று தர்க்கம் பாடும் இடம். எண்ணெய் முடிந்து ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மத்தளம் நிற்கவில்லை. யாரோ ஒருவர் போன் டோர்ச்சைப் பிடித்தார், பிறகு இருபது பேர் பிடித்தார்கள், ஆட்டம் அப்படியே போனது. நின்றது என் கமரா மட்டும்தான்.

மறுநாள் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அன்றிரவு எடுத்த மற்றக் கோப்புகள் எல்லாம் ஓடின. கடைசிக் கோப்பு மட்டும் ஓடவில்லை. 3.1 ஜிபி எடை இருக்கிறது, பெயர் இருக்கிறது, திறந்தால் ஒன்றுமில்லை. நீளம் 0:00.

ஊரில் நான் கொஞ்சம் கணினி தெரிந்தவன் என்று பெயர் வாங்கியதால் இந்த மாதிரிக் கோப்புகள் என்னிடம் வந்து சேரும். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தி, பேரப்பிள்ளையின் முதல் நடை. "மனே, இது பழுதாப் போயித்து, எடுக்க ஏலுமா?" என்று கேட்டு ஒரு பென்டிரைவை நீட்டுவார்கள். பழுது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் கோப்பு உண்மையாகவே உடைந்திருக்கிறது. மற்றதில் கோப்பு நல்ல சுகத்தோடு இருக்கிறது, திறக்கிற மென்பொருளுக்குத்தான் அது விளங்கவில்லை. என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. முதல் வகைக்கான மருந்தை இரண்டாவது வகைக்குக் கொடுத்துக் கெடுத்த கதைகளும் உண்டு. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

சாக்கும் அரிசியும்

எம்பி4 என்றால் வீடியோ என்று நினைத்துக்கொள்கிறோம். அது வெறும் சாக்கு. அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலையில் ஒரே மாதிரிச் சாக்கில் கீரிச்சம்பாவும் வரும், நாட்டரிசியும் வரும். கட்டை அவிழ்த்தால்தான் தெரியும். எம்பி4, எம்.ஓ.வி, எம்கேவி, ஏவிஐ எல்லாம் சாக்குகள். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அரிசி. அதைக் கொடெக் என்பார்கள். எச்.264, எச்.265, விபி9, ஏவி1 என்று படத்துக்குப் பல கொடெக்குகள் உண்டு, சத்தத்துக்கு வேறு. கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை மாற்றிப் பார்த்தேன், அப்படியும் ஓடவில்லை என்று சொல்பவர் சாக்கைக்கூட மாற்றவில்லை. சாக்கின் மேல் எழுதியிருந்த பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

எம்பி4இன் மூதாதை, அப்பிள் 1991இல் வெளியிட்ட குவிக்டைம். அந்த அமைப்பை எடுத்துத்தான் பிறகு சர்வதேசத் தரமாக்கினார்கள். ஐபோனின் எம்.ஓ.வியும் பழைய நோக்கியா போன்களில் எடுத்த த்ரீஜிபி வகைக் கோப்பும் உள்ளே பார்த்தால் இதே குடும்பம்தான். கோப்பு முழுவதும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் எட்டு பைட்: முதல் நான்கு அதன் நீளம், அடுத்த நான்கு அதன் பெயர். 'எப்டைப்' என்ற சின்னப் பெட்டி முதலில் வந்து, தான் எந்த வகை என்று சொல்லும். 'எம்டாட்' என்ற பெரிய பெட்டிக்குள்தான் படமும் சத்தமும். கோப்பின் எடையில் ஏறக்குறைய முழுவதும் அதுதான். 'மூவ்' என்ற பெட்டி அட்டவணை.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் வீட்டுக் கூத்து ஏட்டை நினைத்துப் பாருங்கள். ஓலைகள் எம்டாட் என்றால், அவற்றைக் கோத்த நூலும் ஓலைகளின் எண்களும் மூவ். நூல் அறுந்து, எண்களும் அழிந்து போனால் ஒரு ஓலையும் தொலையவில்லைதான், ஆனால் பாடத் தொடங்க முடியாது.

அந்த அட்டவணை சின்ன வேலை செய்வதில்லை. என் கமரா நொடிக்கு 25 படம் எடுக்கும். உடைந்த கோப்பில் ஏறக்குறைய 15 நிமிடப் பதிவு. அப்படியென்றால் 22,500 படங்கள். சத்தம் ஏஏசி முறையில், 1,024 மாதிரிகள் (சத்தத்தை ஒவ்வொரு கணமும் அளந்த அளவுகள்) கொண்ட துண்டுகளாக நொடிக்கு 48,000 மாதிரி வீதம் பதிவாகிறது. அது 42,000 துண்டுக்கு மேல். இவை எல்லாம் எம்டாட்டுக்குள் கொஞ்சம் படம், கொஞ்சம் சத்தம் என்று மாறி மாறி இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட், எந்த நேரத்தில் காட்ட வேண்டும், எவை முழுப் படங்கள், எவை முந்திய படத்தில் இருந்து மாறியதை மட்டும் சொல்லும் அரைப் படங்கள் என்ற கணக்கு முழுவதும் மூவில். படத்தின் அகல உயரம், அதை விரிப்பதற்கான ஆரம்ப அளவுகள்கூட அங்கேதான்.

இப்போது கேள்வி, இவ்வளவு முக்கியமான அட்டவணையை ஏன் கமரா முதலிலேயே எழுதி வைக்கவில்லை? எழுத முடியாது. அடுத்த படம் எத்தனை பைட் வரும் என்று அதற்கே தெரியாது. ஆகவே படங்களை இறக்கிக்கொண்டே போய், கணக்கைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து, நாம் நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் மூவை எழுதி முடிக்கும். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு இன்னும் ஓரிரு நொடி மினுங்குகிறதே, அது இந்த வேலைதான். அது முடியுமுன் பற்றரியைக் கழற்றினாலோ, கார்டை இழுத்தாலோ, என் கதை போல ஜெனரேட்டர் நின்றாலோ, கணக்கு கமராவோடு செத்துவிடும்.

என் கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருளில் திறந்தேன். முதல் வரியில் எப்டைப். அது சரி. அடுத்து எம்டாட் என்ற நான்கு எழுத்து. அதன் நீளம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பூச்சியம், பிறகு நிரப்பலாம் என்று கமரா விட்டுவைத்த வெற்றிடம். அதற்குக் கீழே விளங்காத எண்கள் பக்கம் பக்கமாக. கடைசிவரை உருட்டினேன், மூவ் இல்லை. எப்எப்எம்பெக் என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால் அது ஆங்கிலத்தில் 'மூவ் ஆட்டம் நாட் பவுண்ட்' என்று சொல்லி விலகிக்கொண்டது. ஆட்டம் என்று அது சொல்வது அணுவை. குவிக்டைம் காலத்தில் இந்தப் பெட்டிகளுக்கு வைத்த பெயர் அது. ஆனால் இரவு முழுக்கக் கூத்துப் பார்த்தவனுக்கு 'ஆட்டத்தைக் காணவில்லை' என்று கணினி சொன்னது போலத்தான் இருந்தது.

முதலில் செய்யக்கூடாதவை

பழுது என்று தெரிந்த அந்த நிமிடத்தில் கார்டைக் கமராவில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்க வேண்டாம். உருவில் பெரிய கார்ட் என்றால் பக்கவாட்டில் ஒரு பூட்டுத் தள்ளி இருக்கும், அதைக் கீழே தள்ளிவிடுங்கள். விண்டோஸ் 'இந்த டிரைவில் கோளாறு, சரிசெய்யட்டுமா' என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்வது கார்டின் கணக்குப் புத்தகத்தை, உங்கள் வீடியோவை இல்லை. அரைகுறைக் கோப்பைப் பிய்த்து, பெயரில்லாத துண்டுகளாக ஒரு மூலையில் போட்டுவிட்டு 'சரி' என்று சொல்லிவிடும். முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து, பிரதியில் வேலை பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில கமராக்கள், நிரம்பிய பற்றரியோடு அதே கார்டைத் திரும்பப் போட்டால், முடியாமல் கிடக்கும் கோப்பைக் கண்டுபிடித்துத் தாங்களே முடித்துவைக்கும். கோப்ரோ கமராவில் இது நீண்ட காலமாக இருக்கிறது. கமரா தானாகக் கேட்டால் சரி என்று சொல்லலாம், பிரதி எடுத்த பிறகு.

அடுத்து, கோப்புக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி: கோப்பைச் சிப் கோப்பாகச் சுருக்கிப் பாருங்கள். வீடியோ ஏற்கெனவே பிழிந்து வைத்த பொருள், மேலும் சுருங்காது. 3 ஜிபி கோப்பு சிப் ஆன பிறகும் ஏறக்குறைய 3 ஜிபியாகவே இருந்தால் நம்பிக்கை உண்டு. மூன்று நான்கு எம்பியாகச் சுருங்கிவிட்டால் உள்ளே இருப்பது வெறும் பூச்சியங்கள். அதற்குமேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, காசைக் கொட்ட வேண்டாம். இப்படிப் பூச்சியமாக வருவதற்கு ஒரு பொதுவான காரணம் போலிக் கார்ட். மலிவாகக் கிடைத்தது என்று ஒருவர் வாங்கிய 128 ஜிபி கார்டுக்குள் உண்மையில் இருந்தது 8 ஜிபி. 128 என்று கமராவிடம் பொய் சொல்லும், கமரா நம்பி எழுதிக்கொண்டே போகும், எட்டைத் தாண்டியது எல்லாம் காற்றில். எச்2டெஸ்ட்டபிள்யூ, எப்3 என்ற இலவசக் கருவிகள் கார்டு முழுவதும் எழுதித் திரும்ப வாசித்து உண்மை அளவைச் சொல்லும். கலியாண வீட்டுக்குப் போகிறவர் புதுக் கார்டை இதில் ஒருமுறை ஓடவிடாமல் போகக்கூடாது.

நூல் கோப்பது

அட்டவணை போன கோப்பை மீட்பதற்கு வேண்டியது அதே கமராவில், அதே அமைப்பில் எடுத்த, ஒழுங்காக ஓடும் இன்னொரு கோப்பு. அறுந்த ஏட்டை அடுக்குவதற்கு அதே கையெழுத்தில் உள்ள இன்னொரு ஏடு உதவுவது போல. ஓடும் கோப்பின் மூவில் இருந்து அகல உயரம், ஆரம்ப அளவுகள் எல்லாவற்றையும் கடன் வாங்கி, உடைந்த கோப்பின் எம்டாட்டை முதல் பைட்டில் இருந்து வாசித்து, அட்டவணையைப் புதிதாகக் கட்டுவார்கள். அன்ட்ரங்க் என்ற திறந்த மூலக் கருவி செய்வது இதைத்தான். காசுக்கு விற்கும் பல மென்பொருள்களும் 'மாதிரி வீடியோ ஒன்று தாருங்கள்' என்று கேட்பது இதற்காகவே.

இந்த இடத்தில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். முப்பத்திரண்டு ஜிபி வரையான கார்டுகள் வழக்கமாக எப்ஏடி32 என்ற முறையில் அமைந்தவை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கமரா ஒவ்வொரு 4 ஜிபிக்கும் ஒரு கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும். நான் வைத்திருந்த அளவில், நொடிக்கு 28 மெகாபிட், அது ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒன்று. 'ஏன் இந்தக் கமரா துண்டு துண்டாக வெட்டுகிறது' என்று நான் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வெட்டுத்தான் இரவு முழுவதையும் காப்பாற்றியது. போனது கடைசித் துண்டு மட்டும், அதற்கு முந்திய துண்டுகள் எல்லாம் கச்சிதமான மாதிரிகள்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. அக்கரைப்பற்றில் இருந்து ஒரு ஸ்டுடியோப் பொடியன் வந்தான். "அண்ணன், மாதிரி வீடியோ எடுத்துத் தாறன்" என்று அங்கேயே கமராவைத் திறந்து ஒரு நிமிடம் எடுத்தும் தந்தான். ஓடவில்லை. கலியாணத்தை நொடிக்கு 50 படத்தில் எடுத்திருக்கிறான், மாதிரியை 25இல் தந்திருக்கிறான். அமைப்பை மாற்றி மறுபடி எடுத்த பிறகு முதல் முயற்சியிலேயே வந்தது.

படத்தைத் தேடிப் பிடிப்பது சுலபம். எச்.264இன் ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் அதன் நீளம் நான்கு பைட்டில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் இருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகலாம். சத்தம்தான் சள்ளை. எம்பி4க்குள் ஏஏசித் துண்டுகள் தலையும் வாலும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அவிழ்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு தவறினால் சத்தம் படத்தை விட்டு விலகத் தொடங்கும்.

இணையத்தில் 'இங்கே ஏற்றுங்கள், சரிசெய்து தருகிறோம்' என்று நிறையத் தளங்கள் இருக்கின்றன. 3 ஜிபியை மொபைல் டேட்டாவில் ஏற்றுவதற்கு ஆகும் காசு ஒரு பக்கம். வீட்டுப் பெண்பிள்ளைகளின் சடங்கு வீடியோவை முகம் தெரியாத ஒரு கணினிக்கு அனுப்புவது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

அழித்துவிட்ட கோப்பு வேறு விசயம். அதற்கு போட்டோரெக் போன்ற கருவிகள் கார்டின் மூலை முடுக்கெல்லாம் தேடி, கோப்பின் தலைப்பகுதி தெரியும் இடத்தில் இருந்து வெட்டி எடுத்துத் தரும். கோப்பு ஒரே தொடராக எழுதப்பட்டிருந்தால் நன்றாக வரும். நடுநடுவே வேறு கோப்பு புகுந்திருந்தால் பெரிய வீடியோக்கள் பாதியில் குழம்பிவிடும்.

அட்டவணை நன்றாக இருந்து, நடுவில் சில பைட்டுகள் மட்டும் கெட்டால் படம் கொஞ்ச நேரம் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு தானாகத் தெளியும். அரைப் படங்கள் முந்தியதை நம்பி இருப்பதால் ஒன்று கெட்டால் அடுத்த முழுப் படம் வரும்வரை எல்லாம் கெடும். வீஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருள் இதைச் சகித்துக்கொண்டு தொடரும். இணைய உலாவிகள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட கோப்பை எப்எப்எம்பெக்கில் ஒருமுறை முழுதாக மறுபடி சுருக்கினால், வடு இருக்கும், ஆனால் எங்கும் ஓடும்.

எல்லாச் சாக்குகளும் எம்பி4 போல நூலில் தொங்குவதில்லை. எம்கேவியில் சின்னச் சின்னக் கட்டுகளாக நேரமும் சேர்த்து எழுதப்படும். கரண்ட் போனால் கடைசிக் கட்டு மட்டும் போகும். கணினியில் நேரலை செய்கிறவர்கள் ஓபிஎஸ் மென்பொருளில் எம்கேவியாகப் பதிந்து, முடிந்ததும் எம்பி4 சாக்குக்கு மாற்றுவது இதற்காக. அரிசி அதே அரிசி, சாக்கு மாற்றம் மட்டும் என்பதால் ஒரு நிமிடத்தில் முடியும், தரமும் குறையாது. எம்பி4இலேயே துண்டு துண்டாக அட்டவணை எழுதும் ஒரு வகையும் வந்திருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென்று வந்த டிஎஸ் முறை இன்னும் முரடு: 188 பைட் பொட்டலங்கள், எங்கே வெட்டினாலும் மிச்சம் ஓடும்.

பழுதே இல்லாத பழுது

இனி மற்ற நோய். பக்கத்து வீட்டு மாமியின் மகள் சுவிசில். பேரனின் பிறந்தநாளை ஐபோனில் எடுத்து, தரம் குறையக்கூடாது என்று வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்பியிருக்கிறாள். மாமி வீட்டுப் பழைய லப்டொப்பில் அதைக் குரோமில் போட்டால் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்கிறது, படம் கறுப்பு. "படம் பழுதாகிட்டு, மனே."

பழுது இல்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11இல் இருந்து புதிய ஐபோன்கள் இயல்பாக எச்.265இல் பதிகின்றன. எச்இவிசி என்றும் சொல்வார்கள். எச்.264ஐ விட ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரம். அந்த லப்டொப்புக்கு எச்.265 தெரியாது, சத்தத்தின் ஏஏசி தெரியும். ஆகவே தெரிந்ததை மட்டும் தந்தது. சத்தம் வந்து படம் வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பியிருந்தால் அதுவே சுருக்கி எங்கும் ஓடும் விதத்தில் தந்திருக்கும். தரத்துக்காகச் செய்தது தடையாகிவிட்டது. ஐபோனின் கமரா அமைப்பில் 'மிகவும் பொருந்தக்கூடியது' என்பதைத் தெரிவுசெய்தால் எச்.264இல் எடுக்கும்.

உலாவிகள் எல்லாவற்றையும் ஓட்டினால் என்ன, என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தொழில்நுட்பத்தில் இல்லை, காப்புரிமையிலும் அதற்குக் கேட்கும் கட்டணத்திலும் இருக்கிறது.

முன்பு இணையத்தில் வீடியோ என்றால் பிளாஷ். உலாவிக்குள் தனியாக ஒட்டவைத்த ஒரு செருகி. 2007இல் ஒபேரா என்ற உலாவி நிறுவனம், படத்தைப் போல வீடியோவையும் பக்கத்தில் நேரடியாக வைக்க ஒரு குறி வேண்டும் என்றது. நல்ல யோசனை, எல்லோரும் ஏற்றார்கள். எந்தக் கொடெக் என்பதில் முட்டிக்கொண்டார்கள். எச்டிஎம்எல்5 என்ற இணையப் பக்கத் தரத்தின் வரைவில் முதலில் ஓக் தியோரா என்ற இலவச முறையைப் பரிந்துரைத்திருந்தார்கள். நோக்கியாவும் அப்பிளும் எதிர்த்தன, அதே ஆண்டு முடிவில் அந்த வரி நீக்கப்பட்டது. இன்றுவரை வீடியோக் குறிக்கான தரம் எந்தக் கொடெக்கின் பெயரையும் கட்டாயமாகச் சொல்லவில்லை. சாக்குக்கு இடம் ஒதுக்கினார்கள், அரிசியை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள்.

விளைவு, 2009இல் பயர்பொக்ஸ் தியோராவை ஓட்டியது, அப்பிளின் சபாரி எச்.264ஐ ஓட்டியது, ஒன்றுக்கு மற்றது புரியவில்லை. 2010இல் கூகுள் ஒன்2 என்ற நிறுவனத்தை வாங்கி அதன் விபி8ஐ இலவசமாகத் திறந்துவிட்டு வெப்எம் என்று புதுச் சாக்கும் தைத்தது. 2011 ஜனவரியில் குரோமில் இருந்து எச்.264ஐ எடுக்கப்போவதாக அறிவித்தது. எடுக்கவே இல்லை. 2012இல் பயர்பொக்ஸை உருவாக்கும் மொசில்லா இறங்கிவந்து, கணினியில் ஏற்கெனவே உள்ள எச்.264 வசதியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டது. அதனால் இன்று எச்.264 படமும் ஏஏசி சத்தமும் எம்பி4 சாக்கில் இருந்தால் எல்லா உலாவியிலும் ஓடும் என்று நம்பலாம். பிளாஷை அடோபி 2020 முடிவோடு கைவிட்டது.

எச்.265க்கு அந்த இறக்கம் நடக்கவில்லை. அதன் காப்புரிமைக்காரர்கள் ஒரே குழுவாக நிற்காமல் பல குழுக்களாகப் பிரிந்து தனித்தனியாகக் கட்டணம் கேட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று தெளிவில்லாத ஒன்றை உலாவிக்காரர் தொடுவாரா? சபாரி 2017இல் சேர்த்தது. குரோம் 2022இல் 107ஆம் பதிப்பில்தான் சேர்த்தது, அதுவும் கணினியின் வன்பொருள் எச்.265ஐ அவிழ்க்கத் தெரிந்திருந்தால் மட்டும். பயர்பொக்ஸ் விண்டோஸில் சேர்த்தது 2025 தொடக்கத்தில். ஆகவே ஒரே குரோம், ஒரே பதிப்பு, மகனின் புது லப்டொப்பில் ஓடும், மாமியின் பழையதில் ஓடாது. இந்தத் தொல்லையில் இருந்து தப்பத்தான் கூகுள், மொசில்லா, நெட்பிளிக்ஸ், அமேசான் போன்றவர்கள் 2015இல் கூட்டுச் சேர்ந்து 2018இல் கட்டணமில்லாத ஏவி1ஐக் கொண்டுவந்தார்கள். யூடியூப்பில் அது நிறையவே ஓடுகிறது. பழைய போன்களில் பற்றரியைக் குடிக்கும், அது வேறு கதை.

உலாவிக்கே இந்த விசயத்தில் ஒரு அடக்கம் உண்டு. ஒரு பக்கம் எழுதுகிறவர் 'இந்த வகை வீடியோவை நீ ஓட்டுவாயா' என்று அதனிடம் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. அது ஆம் என்று ஒருநாளும் சொல்லாது. பதில்கள் மூன்றே மூன்று: 'அநேகமாக', 'ஒருவேளை', வெறுமை. நம் ஊர்த் தச்சரிடம் கதவு எப்போது முடியும் என்று கேட்டது போல. ஆனால் ஓடாமல் நின்றபின் அது தரும் எண் தெளிவானது. 3 என்றால் ஓட்டத் தொடங்கி நடுவில் அவிழ்க்க முடியாமல் போனது, அனேகமாகக் கோப்பில் பழுது. 4 என்றால் இந்த வகை எனக்கு ஒத்துவராது, அல்லது கோப்பே கிடைக்கவில்லை. நாம் பார்க்கும் கறுப்புப் பெட்டி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை, கோப்பை வீஎல்சியில் போடுவது. பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது. கொடெக்குகளை எல்லாம் தன்னோடு சுமந்து திரிவதால் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதில் ஒழுங்காக ஓடினால் உங்கள் கோப்பு உடையவில்லை. கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் உள்ளே என்ன அரிசி என்றும் சொல்லும். பிறகு எச்.264ஆக மாற்றிக்கொள்ளலாம். மாமியின் வீடியோ பத்து நிமிடத்தில் முடிந்த வேலை. அவர் கொண்டுவந்து தந்த பாலப்பம் அந்தப் பத்து நிமிடத்துக்கு அதிகம்.

இதே வகையில் இன்னும் சில உண்டு. பத்துப் பதினைந்து வருசத்துக்கு முந்திய ஏவிசிஎச்டி கமராக்களின் பதிவில் படம் எச்.264தான், சத்தம் ஏசி3. சாக்கை மட்டும் எம்பி4ஆக மாற்றிக் குரோமில் போட்டால் படம் வரும், நாதஸ்வரம் வராது. சத்தத்தை மட்டும் ஏஏசி ஆக்கினால் போதும், படத்தைத் தொடத் தேவையில்லை. பழைய நோக்கியாவின் த்ரீஜிபியில் ஏஎம்ஆர் சத்தம், அதையும் உலாவிகள் ஏற்காது. விசிடிக் காலத்துக் கலியாணங்கள் டாட் என்ற கோப்பாக இருக்கும், உள்ளே எம்பெக்1, 352க்கு 288. வீஎல்சி ஓட்டும். சுனாமிக்கு முந்திய முகங்கள் சில வீடுகளில் இந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கின்றன. தட்டு பூஞ்சணம் பிடிக்குமுன் பிரதி எடுத்துவிடுங்கள், மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம்.

ஏற்றுகிறவர்கள் பக்கத்துப் பிழை

சில சமயம் கோப்பும் நல்லது, உலாவியும் நல்லது, வைத்த விதம் பிழை. கோயில் திருவிழா வீடியோவைச் சொந்தத் தளத்தில் போடுகிறார்கள். யூடியூப்பில் உடனே தொடங்குகிறது, இங்கே வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. காரணம் மறுபடியும் மூவ். கமரா அதைக் கடைசியில் எழுதுகிறது என்றேன் அல்லவா? உலாவி அட்டவணை இல்லாமல் முதல் படத்தையே காட்ட முடியாது. நல்ல சேவையகம் என்றால் 'கடைசித் துண்டை மட்டும் முதலில் தா' என்று உலாவி கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்குச் சேவையகம் 206 என்ற எண்ணோடு பதில் சொல்லும். அந்த வசதி இல்லாத இடத்தில் கோப்பு முழுவதும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், ஐபோனில் சபாரி ஓட்டவே மாட்டேன் என்றுவிடும். எப்எப்எம்பெக்கில் 'பாஸ்ட்ஸ்டார்ட்' என்ற ஒரு தெரிவு, மூவைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். மறுபடி சுருக்குவது இல்லை என்பதால் சில நொடி வேலை. ஆனால் ஏற்றுகிறவர்களில் அனேகர் இதைச் செய்வதில்லை, சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருக்கும் வாகரைக்காரர்தான் அதற்கான டேட்டாவைக் கட்டுகிறார்.

என் 3.1 ஜிபிக்கு வருகிறேன். முந்திய துண்டை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க்கை ஓடவிட்டேன். வந்தது. தர்க்கப் பாட்டு முழுவதும், ஜெனரேட்டர் நின்ற அந்த நொடிக்குக் கொஞ்சம் முன்வரை. எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. போனில் ஏற்றி அண்ணாவியாரிடம் கொண்டுபோனேன். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு திரையில் மன்னனின் காலைக் காட்டி, "தம்பி, கால் விழுந்த பிறகு மத்தளம் விழுகுது. நம்மட மத்தளக்காரன் அப்படி அடிக்க மாட்டான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். ஏஏசித் துண்டு ஒன்று 21 மில்லிசெக்கன். சத்தம் ஒன்பது துண்டு பிந்தியிருந்தது. முன்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை அவர் கடைசிவரை பார்த்தார்.